மெத்தை இன்னும் தயாராகவில்லை

படாளம்
9-3-2003

கோபால் தம்பிக்கு, அமிர்தவல்லி எழுதறது.

இங்க எல்லாரும் நல்லா கீறோம். நீங்க எப்பிடி கீறீங்கன்னு கேக்க மாட்டேன். கேட்டா "ம்"னு சொல்லுவீங்க. போன் பண்ணா ஹலோன்னு சொல்லிட்டு அப்பால ஒரு பேச்சும் கெடையாது. மீட்டர் ஓடிகினே கீது. பூத்துக்காரன் என்னப் பாத்து, "இன்னாக்கா, மூச்சு உடறத கேக்கவா போன் போடறே"ன்னு சிரிக்கறான். அதான் கடுதாசி.

விஷயத்துக்கு வரேன். என் தங்கச்சி சங்கரி போயி சேந்து பத்து மாசம் ஆவுது. உங்க பொண்ணு சுஷ்மிய கொண்டாந்து எங்கிட்ட உட்டப்ப இன்னா சொன்னீங்க? "ரெண்டே மாசம் அக்கா, வீட்ட கொஞ்சம் சரி பண்ணிட்டு கூட்டிட்டுப் போறேன்"னீங்க. தீபாவளி போச்சு, பொங்கலு போச்சு. வரீங்க, புள்ளைக்கு பிஸ்கட்டு குடுக்கறீங்க, சாயங்காலம் பஸ்ஸ புடிச்சிர்றீங்க. கேட்டா மெத்தைன்றீங்க. குவார்ட்டர்ஸ்ல சூடு அதிகம், அவளுக்கு வேர்த்துக் கொட்டும், நல்ல மெத்தையா தேடிகினு கீறேன்றீங்க. ஒரு மெத்தைக்கு பத்து மாசமா தம்பி? இந்நேரம் ஒரு வூடு கட்டிருக்கலாம்.

ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கறாங்க. அவளுக்கு நாலு வயசு முடிஞ்சிருச்சு. எங்க வூட்டுக்காரரு இங்க ஸ்கூல்ல சேக்க பாரம் வாங்கி வெச்சிட்டாரு. கார்டியன்னு போட்ட எடத்துல அவரு பேரு, சின்னராசுன்னு எழுதப் போறாரு. எழுதிட்டா அவ எங்க வூட்டுப் புள்ள. அப்பால நீங்க வந்து நின்னா நான் குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். எனக்கு பொறந்தது ரெண்டும் பசங்க. பொண்ணு மேல ஆசை இல்லாதவன்னு நெனச்சிக்காதீங்க.

ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வந்து கூட்டிகினு போங்க. இல்ல, வர மாட்டேன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க.

அமிர்தவல்லி


கல்பாக்கம்
16-3-2003

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வர மாட்டேன் என்று என்னால் எழுத முடியாது. வருகிறேன் என்று தேதி போடவும் முடியவில்லை. கோபப்படாமல் படியுங்கள்.

எங்களுடையது மேல்மாடி. பகல் முழுக்கத் தளம் வெயிலை வாங்குகிறது, இருட்டிய பிறகு கீழே விடுகிறது. கடலோரம் என்று பேர்தான். ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் சுவர். பழைய மெத்தை ஃபோம். ஃபோம் உடம்புச் சூட்டை வாங்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், வெளியே விடாது. அதைப் போன ஜூனிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டேன். கட்டிலில் இப்போது பலகை மட்டும். நான் ஹாலில் தரையில் படுக்கிறேன்.

போன ஞாயிறு செங்கல்பட்டு போய் முத்துசாமி என்பவர் கடையில் அரை நாள் இருந்தேன். இலவம்பஞ்சு குளிர்ச்சிதான், ஆனால் ஆறு மாதத்தில் கட்டி கட்டியாகிவிடும், குழந்தை பள்ளத்தில் உருண்டுவிடும். தேங்காய் நாரில் காற்று போகும், ஆனால் பலகை மாதிரி இருக்கிறது. ஸ்பிரிங் மெத்தைக்குள் காற்று நன்றாக ஓடும். ஆனால் ஸ்பிரிங்குக்கு மேலே எதை வைத்துத் தைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே ஃபோம் போட்டால் பழைய கதைதான். இதெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். முத்துசாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"சார், நீங்க மெத்த வாங்க வந்தீங்களா, எனக்கு பரீட்ச வெக்க வந்தீங்களா?"

"ரெண்டு மூணு தினுசு சேர்த்து ஒரே மெத்தையா தைக்க முடியுமா?"

"இன்னா சார், மெத்தையா, ஃபுல் மீல்ஸா?"

எதைச் சேர்த்தால் சூடு ஏறாது என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் எழுதுகிறேன். பாரத்தை மட்டும் இப்போது நிரப்ப வேண்டாம் என்று சின்னராசு அண்ணனிடம் சொல்லுங்கள்.

சுஷ்மிக்கு மாலையில் உடம்பு சுடுகிறதா?

கோபால்


படாளம்
24-3-2003

தம்பிக்கு,

உங்க கடுதாசிய எங்க வூட்டுக்காரருக்கு படிச்சி காமிச்சேன். "கடுதாசி முழுக்க மெத்த கீது. பொண்ணு எங்க கீது, கடசீல ஒரு வரியா?"ன்னாரு.

சுஷ்மி எப்பிடி தூங்கறான்னு நான் சொல்றேன், கேட்டுக்கோங்க. தரையில கோரப்பாயி. இந்தப் பக்கம் பெரியவன், அந்தப் பக்கம் சின்னவன். சின்னவன் காலு அவ வவுத்து மேல. இவ கையி பெரியவன் மூக்கு மேல. கரண்டு போனா மூணும் சோறு வடிக்கிற பானையாட்டம் வேர்த்து வழியும். எழுப்புனாலும் எழுந்துக்காதுங்க. வேர்த்தா வேர்க்கட்டும் தம்பி. வேர்வ இன்னா விஷமா?

நேத்து சோறு ஊட்டச்சொல்ல கேக்கறா, "பெரிம்மா, எங்கப்பா வூட்ல படுக்க எனக்கு எடம் இல்லியா?" நான் எதுக்கு அப்பிடி கேக்கறேன்னேன். "அப்பா மெத்த தேடறாருல்ல, அது கெடைக்கலன்னா?"ன்றா.

சாயங்காலம் உடம்பு சுடுதான்னு கேட்டுகீறீங்க. ஆடிட்டு வந்தா எந்தப் புள்ளைக்கும் சுடும். இதுக்கு மேல எனக்குத் தெரியாது.

தேதி போடுங்க.

அமிர்தவல்லி


கல்பாக்கம்
6-4-2003

அன்புள்ள அக்காவுக்கு,

எதைச் சேர்ப்பது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ஓட்டலில் மாரி என்பவர் ரூம் சுத்தம் செய்கிறார். பக்கத்துக் குப்பத்து ஆள், ஆபீஸ் நண்பர் ஒருவருக்குப் பழக்கம். அங்கே வேர்வைக்காரர்களுக்கென்றே வெளிநாட்டு மெத்தை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு நேற்று மதியம் போனேன். "வெள்ளக்காரங்க வேர்க்குது வேர்க்குதுன்னு கத்திகினு இருந்தாங்க. மொதலாளி நாலு மெத்த தருவிச்சாரு" என்று ஒரு காலி ரூமைத் திறந்துவிட்டார். உறை ஓரத்தில் ஹைப்ரிட், அதாவது கலப்பு, என்று லேபிள். ஜிப்பைத் திறந்து பார்த்தேன். கீழே ஸ்பிரிங், மேலே துளை துளையாக லேடெக்ஸ், அதற்கு மேல் பருத்தி. லேடெக்ஸ் என்றால் ரப்பர் பால்தான், ஃபோம் இல்லை. துளை வழியாகச் சூடு கீழே இறங்கி, ஸ்பிரிங் நடுவே காற்றோடு போய்விடும்.

"பாத்துகினே இருந்தா தெரியுமா? படுங்க சார். செருப்ப மட்டும் கழட்டிருங்க" என்றார் மாரி.

படுத்தேன். கண் விழித்தபோது மூன்று மணி நேரம் போயிருந்தது. மாரி வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எழுப்ப மனசு வரல சார். வாயத் தொறந்துகினு தூங்கினீங்க. மேனேஜர் வந்தாரு. ஏசி மெக்கானிக்கு, வெயில்ல மயக்கம் போட்டுட்டாருன்னு சொல்லிட்டேன்."

அங்கிருந்து நேராக செங்கல்பட்டு போய் முத்துசாமியிடம் படம் வரைந்து கொடுத்தேன். ஸ்பிரிங், நடுவில் மெல்லிய நார், மேலே துளையுள்ள லேடெக்ஸ், பருத்தி உறை. லேடெக்ஸ் ஷீட்டைக் கேரளாவிலிருந்து வரவழைக்க வேண்டுமாம். மே கடைசி ஆகும் என்கிறார். ஜூனும் ஆகலாம்.

ஒரு உதவி. தனியாக ஒரு தெர்மாமீட்டர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். காலையிலும் மாலையிலும் சுஷ்மிக்கு வைத்து, தேதி போட்டுக் குறித்து, வாரா வாரம் அனுப்ப முடியுமா? அரை டிகிரி கூடினாலும் எழுதுங்கள்.

கோபால்


படாளம்
15-4-2003

தம்பிக்கு,

நேத்து வருஷப் பொறப்பு. வருவீங்கன்னு பாயசம் வெச்சேன். நீங்க வரல, இன்னிக்கு பார்சல்தான் வந்துச்சு.

ஹைப்ரிட்டுன்னா எங்களுக்கு நெல்லு. மெத்தையிலயும் வந்துடுச்சா, சந்தோஷம். அத உடுங்க. இப்ப நான் கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க.

தெர்மாமீட்டர பிரிச்சிகினு இருந்தேன். சுஷ்மி பக்கத்துல வந்து நின்னா. "இது வோணாம் பெரிம்மா. அப்பா முதுவு கீழ ஒயரு வெப்பாரு. அப்பறம் டார்ச்சு அடிச்சி அடிச்சி நோட்டுல எழுதுவாரு. நான் தூங்கறமேரி கண்ண மூடிக்குவேன்"ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. எப்பன்னு கேட்டேன். "அம்மா சாமிகிட்ட போனப்பறம். அதுக்கு முன்னால அம்மாவுக்கும் வெச்சாரு"ன்னா.

அம்மாவுக்கும் வெச்சாராம்.

இன்னா ஒயரு தம்பி அது? படிச்சவரு, பெரிய எடத்துல வேல பாக்கறவருன்னு என் தங்கச்சிய குடுத்தோம். டைபாயிடு முத்திப்போச்சுன்னு சொன்னீங்க. நம்பனோம். அவ முதுவு கீழ எதுக்கு ஒயரு வெச்சீங்க? புள்ளைக்கு எதுக்கு வெச்சீங்க?

எங்க வூட்டுக்காரரு இப்பவே பாரத்த எழுதறேன்னு குதிக்கறாரு. நான்தான் புடிச்சி வெச்சிகீறேன். மெத்தக் கத வோணாம். இதுக்கு பதில் வந்தாத்தான் அடுத்த பேச்சு.

அமிர்தவல்லி


கல்பாக்கம்
20-4-2003

அக்கா,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள் எந்த முடிவெடுத்தாலும் சரி.

அது தெர்மோகப்பிள். சூட்டை அளக்கிற மெல்லிய கம்பி. என் வேலையே அதுதான். எந்தக் குழாயில் எவ்வளவு சூடு என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வேன்.

போன வருஷம் மே மாதம் முதல் வாரம் சங்கரி சொன்னாள்: "படுக்க கொதிக்குதுங்க. முதுகு வேகுது." கத்திரி வெயில், எனக்கும் வேர்த்தது. ஃபோம் மெத்தைதான் காரணம் என்றேன். சொன்னதோடு விடாமல் நிரூபிக்கவும் நினைத்தேன். விரிப்புக்கு அடியில் அவள் பக்கம் ஒரு கம்பி, என் பக்கம் ஒரு கம்பி. மணிக்கொரு முறை நோட்டில் எழுதினேன். அவள் சிரித்தாள். "கட்டுன பொண்டாட்டிக்கு ஒயர் போட்டுப் பாக்கற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

என் பக்கம் 34.5. அவள் பக்கம் 37. அந்தப் பக்கம் ஃபோம் அமுங்கிவிட்டது, காற்று போகவில்லை என்று எழுதினேன். மெத்தையைத் திருப்பிப் போட்டேன். மாறவில்லை. மே ஒன்பதாம் தேதி இருவரும் இடம் மாறிப் படுத்தோம். சூடு அவளோடு கூடவே வந்தது. அவள் விட்ட இடம் நான் படுத்ததும் 34.5க்கு இறங்கியது. அதற்கு நான் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "ரீடிங் பொருந்தவில்லை. சென்சாரைச் சரிபார்க்கவும்."

மறுநாள் ஆபீசில் சரிபார்த்தேன். சென்சார் சரியாக இருந்தது. அதையும் எழுதினேன். அதற்கு அடுத்த நாள் நல்ல மெத்தை தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

அவள் பகலில் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு சமைத்து, துவைத்து, சுஷ்மியைக் குளிப்பாட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். பதினைந்தாம் தேதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் ஆஸ்பத்திரி போனோம். இரண்டு வாரமாக டைபாய்டு, குடல் ஓட்டையாகிவிட்டது என்றார்கள். பதினேழாம் தேதி முடிந்தது. எத்தனை நாளாக ஜுரம் என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். ஒவ்வொரு மணிக்கும் எழுதி வைத்த நோட்டு வீட்டில் இருந்தது.

பிறகு சுஷ்மிக்கு அதே கம்பியை வைத்தேன். புள்ளி இரண்டு ஏறினாலும் டார்ச் அடித்து மறுபடி பார்ப்பேன். அது அவள் சூடா, மெத்தைச் சூடா, தளத்துச் சூடா என்று சொல்ல முடியவில்லை. இருபது நாள் பார்த்தேன். இருபத்தோராம் நாள் உங்களிடம் கொண்டுவந்து விட்டேன். சூடே தங்காத மெத்தை ஒன்று கிடைத்துவிட்டால், அதன்மேல் ஏறுகிற சூடு அவளுடையதுதான் என்று சந்தேகமில்லாமல் தெரியும். அதற்குத்தான் இத்தனை மாதம். உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம்.

பாரத்தில் சின்னராசு அண்ணன் பெயரை எழுதுவது ஒருவேளை சரியாகக்கூட இருக்கும்.

கோபால்


படாளம்
9-5-2003

கோபாலு,

உன் கடுதாசி வந்து பதினஞ்சி நாளாச்சு. மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால நின்னு படிச்சேன். அடுப்புல போடலாம்னு போனேன், போடல. எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "படிச்சி கெட்டான்"னு சொல்லிட்டு கழனிக்குப் போயிட்டாரு. பாரம் பரண் மேலதான் கீது, இன்னும் எழுதல.

எனக்கு கோவம் வந்துச்சு. கேளு, நல்லா வந்துச்சு. கூட படுத்துகினு இருந்தவனுக்கு தெரியலியா, இவனெல்லாம் ஒரு மனுசனான்னு. ரெண்டு நாளு அப்பிடியே திட்டிகினு கெடந்தேன். மூணாம் நாளு சின்னவன் தலைக்கு எண்ணெ தேக்கச்சொல்ல என் கையி நின்னுபோச்சு.

போன வருசம் மே மாசம் சின்னவனுக்கு காது குத்த சங்கரி வந்தாளே, ஞாபகம் கீதா? நீ வேலைன்னு வரல. ரெண்டு நாள் இருந்தா. "அக்கா, ஒடம்பெல்லாம் சுடுது, ஒரு மாதிரி கீது"ன்னா. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? சூட்டு ஒடம்புடீ, கத்திரியில அப்பிடித்தான் இருக்கும்னேன். ஒக்கார வெச்சி உச்சியிலேந்து முதுவு வரைக்கும் நல்லெண்ணெ தேச்சி கெணத்துத் தண்ணிய மொண்டு ஊத்துனேன். அந்த வெயில்ல பல்லு கிட்டிச்சி அவளுக்கு. "மகாராணிக்கு குளுருதாமே"ன்னு கேலி பண்ணேன். வந்த சனமெல்லாம் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா.

நீ ஒயரு வெச்சி பாத்தே. நான் ஒயரு வெக்கல. இந்தக் கையால முதுவு முழுக்க தொட்டேன். எனக்கு மட்டும் தெரிஞ்சிச்சா?

இத நான் யார்கிட்டயும் சொல்லல. வருசம் பூரா உன் மெத்தைய திட்டிகினு இருந்தேன். அது சுளுவா இருந்துச்சு.

உன் மேல கோவம் போயிட்ச்சின்னு நெனைக்காத. போவல. என் மேலயும் போவல. ரெண்டு பேரும் கோவத்தோடவே கெடப்போம், ஒண்ணும் ஆவாது. அதுல அந்தப் புள்ளைக்கு இன்னா கீது? அது உன் பஸ்ஸு வர்ற பக்கமே பாத்துகினு ஒக்காந்துகீது.

வர்ற பதினேழாந்தேதி சனிக்கெழம சங்கரிக்கு வருசம் திரும்புது. படையல் போடறோம். வா. போவச்சொல்ல கூட்டிகினு போ. சனிக்கெழம பொழுது சாயறதுக்குள்ள நீ வரலன்னா பரண் மேலேந்து பாரத்த நானே எடுத்துக் குடுப்பேன். இதுல மாத்தம் இல்ல.

ஒடம்பு சுட்டா இன்னா பண்ணுவேன்னு பயப்படுவே. தூக்கிகினு டாக்டர்கிட்ட ஓடு. எந்த சூடுன்னு தெரியலன்னாலும் ஓடு. ஒண்ணுமில்லன்னா சும்மா ஓடுனதா போவும், அவ்ளோதானே? ஓடு.

அக்கா


கல்பாக்கம்
12-5-2003

அக்கா,

லேடெக்ஸ் ஷீட் வரவில்லை. மெத்தை இன்னும் தயாராகவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். இரண்டு டிக்கெட்டாகத் திரும்புவேன்.

பயமாக இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கோபால்


கல்பாக்கம்
22-6-2003

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கட்டிக் கொடுத்த முறுக்கு தீர்ந்துவிட்டது என்று சுஷ்மி உங்களுக்கு எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

எல்கேஜியில் சேர்த்தாயிற்று. பாரத்தில் என் பெயரை எழுதும்போது கிளார்க் "அம்மா கையெழுத்து?" என்றார். இல்லை என்றேன். சுஷ்மி அவரிடம், "எனக்கு பெரிம்மா கீறாங்க, படாளத்துல" என்றாள். அவர் வேறெதுவும் கேட்காமல் சீல் வைத்தார். இங்கே பிள்ளைகள் எல்லாம் அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவள் அவர்களுக்கும் 'கீது' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் எட்டாம் தேதி மெத்தை வந்தது. முத்துசாமியே டெம்போவில் கூட வந்தார். "செங்கல்பட்டுல இப்பிடி ஒரு மெத்த இதுக்கு முன்னால போனதில்ல சார், இதுக்கு மேலயும் போவாது" என்றார். பாராட்டா, ஆளை விடுங்கள் என்ற கும்பிடா தெரியவில்லை. நல்ல மெத்தைதான். காற்று ஓடுகிறது, முதுகில் சூடு தங்கவில்லை. முதல் நாள் சுஷ்மி அதில் நனைய நனைய வேர்த்தாள். ஹாலில் பாயில் படுத்தாலும் அதே வேர்வைதான். வேர்க்கிற பிள்ளை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மெத்தையில் மூத்திரம் போய்விட்டாள். ஸ்பிரிங், நார், லேடெக்ஸ், பருத்தி, நாலும் நனைந்தது. கனம் தாங்காமல் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மொட்டை மாடிக்குத் தூக்கினோம். லேடெக்ஸை நேர் வெயிலில் போடக் கூடாது, டேங்க் நிழலில் சாய்த்து வைத்தேன். துணி காயப் போட வந்த கீழ்வீட்டு ஞானம்பாள் மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "ஏம்ப்பா, இதுக்காப்பா ஒரு வருஷம் அலைஞ்சே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே வந்துவிட்டது. மாமி பயந்து கீழே இறங்கிப் போனார்.

கம்பியைத் தொடவே இல்லை என்று சொன்னால் பொய். முதல் வாரம் ஒரு நாள் பீரோவைத் திறந்து எடுத்தேன். சுஷ்மி பார்த்துக்கொண்டிருந்தாள். "வெச்சிக்கோங்கப்பா, எனக்கு கூச்சமா இருக்காது" என்று தானாகவே முதுகைத் தூக்கிக் காட்டினாள். என்னால் வைக்க முடியவில்லை. ஆபீஸ் ஸ்டோர்சில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பயம் மட்டும் இங்கேயே இருக்கிறது. பகலில் ஆபீசில் குழாய்களின் சூடு எழுதும்போதெல்லாம் அவள் கழுத்து ஞாபகம் வருகிறது.

போன வியாழன் மதியம் பள்ளிக்கு அவளை அழைத்துவரப் போனேன். கையைப் பிடித்தேன், சுட்டது. கழுத்தைத் தொட்டேன், அங்கேயும் சுட்டது. எந்தச் சூடு என்று தெரியவில்லை. ஸ்கூட்டரைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாட்டர் பாட்டில் வழியில் விழுந்துவிட்டது என்று அழுதாள். டிஸ்பென்சரியில் வரிசையில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார்கள். டாக்டர் அம்மா தெர்மாமீட்டர் வைத்தார், வாயைத் திறக்கச் சொன்னார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"ஜுரமே இல்ல. வெயில்ல ஆடிட்டு வந்திருக்கா. மோர் குடுங்க, போதும்."

"சரி டாக்டர்."

"இந்த வாரத்துல இது மூணாவது தடவ. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் டாக்டர்."

"நாளைக்கும் வருவீங்களா?"

"சுட்டா வருவேன்."

அவர் சீட்டில் எதுவும் எழுதவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

கோபால்